பெயர் இல்லாத குற்றச்சாட்டு

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில் திகன, தெல்தெனிய, மெதமஹநுவர எல்லாம் தாண்டி மலையேறினால் ஹுன்னஸ்கிரிய டவுன் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் பனி பாதி நாள் வீதியிலேயே படுத்துக்கிடக்கும். லூல்வத்தை வழியாக மீமுரேக்குப் போகும் பாதை இங்கேதான் பிரிகிறது. சிங்களக் கிராமத்து ஆள், தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆள், முஸ்லிம் கடைக்காரர் மூன்று பேரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஊர். தேர்தல் வந்துவிட்டால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தியில் வந்து நிற்கும். முதலில் சிங்களத்தில் பேசுவார்கள். பிறகு தமிழில் நாலு வரி. கட்சி எதுவானாலும் இரண்டு மொழியிலும் தவறாமல் வரும் சொல் ஒன்று உண்டு: இனவாதம். எதிர்க்கட்சிக்காரன் இனவாதி, அவனுக்குப் போடாதீர்கள், எங்களுக்குப் போடுங்கள்.

சிறுவயதில் அந்தச் சொல் எனக்கு விளங்கியதே இல்லை. சிங்களத்தில் ‘ஜாதிவாதய’ என்பார்கள். சித்தி வீட்டு லயத்து வாசலில் நின்று கேட்ட எனக்கு, சாதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பட்டது. லயத்தில் சாதிப் பேச்சுக்கு என்ன குறைச்சல்? சிங்களத்தில் ஜாதி என்றால் இனம் என்று தெரியவே சில வருடம் ஆனது. இன்னொன்று தெரிய அதைவிட அதிக வருடம் ஆனது. ‘ஜாதிவாதி’ என்றால் இனவாதி. நடுவில் ஒரு ‘க’ சேர்த்து ‘ஜாதிகவாதி’ என்றால் தேசியவாதி. முதலாவது வசவு, இரண்டாவது பட்டம். சுதந்திரத்துக்குப் பிந்திய தெற்கின் மேடைப் பேச்சில் பெரும்பங்கு அந்த ஒற்றை எழுத்தின் மேல்தான் நடந்திருக்கிறது. தனக்கு அந்தக் ‘க’வைப் போட்டுக்கொள்வது, எதிராளியிடமிருந்து அதைப் பிடுங்குவது.

இனத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதைப் பற்றி இந்த நாட்டில் நிறைய எழுதியாகிவிட்டது. அதன் கூடப்பிறந்ததைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம். எதிராளியை இனவாதி என்று காட்டி வாக்குக் கேட்பது. அந்தக் குற்றச்சாட்டு எப்போதும் பொய் என்று நான் சொல்லவில்லை. பல தடவை அது உண்மை. உண்மையான ஒரு குற்றத்தை எடுத்து, வாக்கு எண்ணி முடிந்ததும் போஸ்டரோடு சேர்த்துக் கிழித்துப்போடும் சாமானாக ஆக்கிவிட்டார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

போமுரேயில் பிடிபட்டவர்

இந்தத் தந்திரத்தின் வயதை அறிய ஹுன்னஸ்கிரியவிலிருந்து தூரம் போகத் தேவையில்லை. மெதமஹநுவரப் பக்கத்தில் போமுரே என்று ஓர் இடம். 1815 பெப்ரவரி 18 அன்று கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கேதான் பிடிபட்டார். மறுவருடம் வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தார்.

அவருடைய நாயக்கர் வம்சம் கண்டிச் சிம்மாசனம் ஏறியது 1739 இல். மதுரைப் பக்கத்தில் பெண்ணெடுத்த உறவால் வந்த உரிமை அது. அந்த வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753 இல் சியாம் தேசத்துப் பிக்குகளை வரவழைத்து, நாட்டில் அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற துறவுத் தீட்சையை மீட்டவர். இன்றைய மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் சியாம் நிக்காய அங்கிருந்து தொடங்குகிறது. அப்பேர்ப்பட்டவரைக் கொல்லவே 1760 இல் பிரதானிகளும் பிக்குகள் சிலரும் சதி செய்தார்கள். அவர்மேல் சொல்லப்பட்ட குறை, அவர் திருநீறு பூசும் தமிழர் என்பது. பௌத்தத்துக்கு அவர் செய்தது அத்தனையும் அந்த ஒரு விரல் சாம்பலுக்கு முன்னால் நிற்கவில்லை. சதியை அரசர் காதில் போட்டுக் காப்பாற்றியவர் கோபால முதலி என்ற முஸ்லிம் அதிகாரி. கண்டி வரலாற்றில் மூன்று இனமும் ஒரே கதைக்குள் இப்படித்தான் வந்து சேர்கின்றன.

ஸ்ரீ விக்கிரமர் கொடுமையே செய்யவில்லை என்று நான் வாதாடமாட்டேன். பிரதானி எஹெலப்பொல நிலமேயின் மனைவி பிள்ளைகளை 1814 இல் அவர் கொல்வித்த கதை கண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குத் தண்டனை நியாயம்தான். ஆனால் 1815 மார்ச் 2 அன்று கண்டி அரண்மனையின் மகுல் மடுவவில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கை அரசரைப் பதவியிறக்கியதோடு நிற்கவில்லை. அவருக்கு உறவு என்று சொல்லக்கூடிய ஆண்கள் அத்தனை பேரையும் நாட்டின் எதிரிகளாக அறிவித்தது. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வரக்கூடாது என்றது. ஒருவர் செய்த கொலைக்கு அவர் இனத்து ஆண்கள் எல்லோருக்கும் தண்டனை. அந்த ஆவணத்தில் ஒப்பமிட்ட பிரதானிகள் சிலரின் கையெழுத்தில் தமிழ் எழுத்துக் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். தமிழ் எழுதத் தெரிந்த கைதான் ‘மலபாரை’ வெளியே தள்ளியது.

இதில் ஆங்கிலேயருக்கும் பெரிய பங்கு. அவர்களுடைய அதிகாரி ஜோன் டொயிலி ஒற்றர்களையும் கடிதங்களையும் வைத்துக்கொண்டு பிரதானிகளை அரசரிடமிருந்து ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தார். அரசர் கொடூரர் என்பதும் அந்நியர் என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2017 இல் வெளியிட்ட நூலில், அந்த அரசரைப் பற்றி நாம் மனதில் வைத்திருக்கும் கொடிய உருவத்தில் பெரும்பகுதி பிரசாரம் வரைந்தது என்று விரிவாக வாதிட்டார். உண்மையான ஒரு குறையை எடுத்து அதற்கு இனத்தின் சட்டையைப் போட்டுவிடுவது. குறை மறந்துபோகும், சட்டை மட்டும் மிஞ்சும். அடுத்த இருநூறு வருடத்துக்கு அதைத்தான் மாற்றி மாற்றி உடுத்தினார்கள்.

அதே வீதி, வேறு வாய்

1957 ஜூலை 26 அன்று பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். ஒரு வருடத்துக்கு முன்புதான் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பண்டாரநாயக்க. அவரே இறங்கிவந்து பிராந்திய சபைகளுக்கு ஒத்துக்கொண்டபோது, எதிர்க்கட்சியிலிருந்த ஜே.ஆர். ஜயவர்தன நாட்டைத் தமிழருக்கு விற்றுவிட்டதாகச் சொல்லி ஒக்டோபரில் கொழும்பிலிருந்து கால்நடையாகக் கண்டிக்குப் புறப்பட்டார். தலதா மாளிகையில் முறையிடப் போகும் யாத்திரை. இம்புல்கொடவில் ஆளுங்கட்சியின் எஸ்.டி. பண்டாரநாயக்கவின் ஆட்கள் மறித்துத் திருப்பினார்கள். யாத்திரை கண்டி வந்து சேரவில்லை. அதன் சொல் வந்து சேர்ந்தது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் உட்கார, ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த மாதமே கலவரம்.

அதே ஜே.ஆர். முப்பது வருடம் கழித்து, 1987 இல் இந்தியாவோடு உடன்படிக்கை செய்து மாகாண சபைகளைக் கொண்டுவந்தார். அப்போது அவரைத் துரோகி என்றவர்கள் சுதந்திரக் கட்சிக்காரர்களும் ஜே.வி.பி.யும். வாய் மாறியது, வசனம் மாறவில்லை.

என்னை இன்றும் உறுத்துவது இடதுசாரிகளின் கதை. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று 1956 இல் எச்சரித்தவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்தபோது பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றதும் அந்தக் கட்சிதான். என் தாத்தா காலத்து ஆட்கள் அதன் தலைவர் என்.எம். பெரேராவின் பெயரை மரியாதையோடுதான் சொல்வார்கள். 1965 இல் டட்லி சேனாநாயக்க செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்ததும், அதே இடதுசாரிகள் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து வீதிக்கு வந்தார்கள். 1966 ஜனவரி 8 ஊர்வலத்தில் பொலிஸ் சுட்டதில் பிக்கு ஒருவர் இறந்தார். டட்லியின் வயிற்றில் மசாலை வடை என்பது அக்காலத்துக் கோஷம். தமிழன் தின்னும் பண்டம் பிரதமரின் வயிற்றுக்குள் போய்விட்டதாம். வடை சுட்டு விற்றுப் பிள்ளை வளர்த்த பெண்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர். அவர்களுடைய கையுழைப்பை ஒரு வசவாக ஆக்கியது இனவாதத்தை எதிர்த்து வளர்ந்த கட்சி. பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாயிருந்த 29 ஆம் பிரிவு இல்லாமல் 1972 அரசியலமைப்பை வரைந்ததும் அதே கொல்வின்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? இனவாதத்தை எதிர்ப்பது கொள்கையாக இருக்கும்வரை அதற்கு ஒரு விலை உண்டு. சமசமாஜிகள் அந்த விலையைப் பல வருடம் கொடுத்தார்கள், தேர்தலில் தோற்றார்கள், கல்லடி பட்டார்கள். அதுவே தந்திரம் ஆனதும் விலை இல்லை. விலை இல்லாததை வைத்திருப்பதும் விடுவதும் ஒன்றுதான்.

கேட்பவனே இனவாதி

தோட்டத்து ஆட்களுக்கு இந்தச் சொல் வேறொரு திசையிலிருந்து வந்து விழும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மலையகத் தமிழரின் வாக்கு இடதுசாரிகளையும் பல தொகுதிகளில் தூக்கிவிட்டது. மறுவருடமே 18 ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை போயிற்று, அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 150,000 பேரைப் பிறகு 1974 இல் பாதிப்பாதி பிரித்தார்கள். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி ஒழிந்தது 2003 இல்தான். ஐம்பத்தைந்து வருடம். இதில் எந்த இடத்தில் யார் வாய் திறந்து கேட்டாலும் திருப்பிக் கிடைத்த பதில் ஒன்றுதான்: நீ இனத்தின் பெயரால் கேட்கிறாய், நீதான் இனவாதி.

இன்றைக்கும் கண்டி மாவட்டத்தில் அதைப் பார்க்கலாம். மாவட்டத்துக்கு 12 ஆசனம். வாக்காளர் ஒருவருக்கு மூன்று விருப்பு வாக்கு. தமிழர் பத்தில் ஒருவர் அளவுக்கு இருக்கிறார்கள், அதுவும் சிதறி. எல்லோரும் ஒரே ஆளுக்கு ஒரு விருப்பைப் போட்டால்தான் ஒருவர் பாராளுமன்றம் போகலாம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2015 இல் வேலு குமார் அப்படித்தான் போனார், 2020 இலும் போனார். நம் ஆளுக்கு விருப்பைப் போடுங்கள் என்று ஒரு தமிழ் வேட்பாளர் தோட்டத்தில் சொன்னால் அது இனவாதமா?

நான் இல்லை என்பேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். வீட்டுத்திட்டத்துக்கும் சம்பளத்துக்கும் பேச ஒருவர் வேண்டும் என்று கேட்பது உரிமை. பக்கத்துச் சிங்களக் கிராமத்தான் உன் காணியைப் பிடுங்க வருகிறான், முஸ்லிம் முதலாளி உன்னைச் சுரண்டுகிறான் என்று பயமூட்டிக் கேட்பது வேறு. இரண்டாவதையும் நம் மேடைகளில் நான் கேட்டிருக்கிறேன். அடுத்தவன் மேடையில் அதைக் கேட்டால் கொதிக்கும் நாம், நம் மேடையில் கேட்டால் கைதட்டினோம். அதையும் எழுதாமல் இதை எழுதுவது முறையாகாது.

2018 மார்ச்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குப் போகும் எவரும் திகனவைக் கடக்காமல் போக முடியாது. அங்கே நடந்ததைப் பேசுவதற்கு முன்னால் நாலு வருடம் பின்னே போக வேண்டும்.

2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தன. பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொது பல சேனாவின் கலகொட அத்தே ஞானசார தேரர் அங்கே பேசிய பேச்சுக்குப் பிறகு நடந்தது அது. மஹிந்த ராஜபக்ஷவின் ஆட்சி அவர்களை வளர்த்துவிட்டது என்ற குற்றச்சாட்டு 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் எதிரணியின் பெரிய ஆயுதம். மைத்திரிபால சிறிசேன 51.28 வீதம் எடுத்து வென்றார். தமிழரும் முஸ்லிம்களும் அள்ளிக் கொடுத்த வாக்கு இல்லாமல் அந்த வெற்றி இல்லை. எங்கள் தோட்டங்களிலும் வெடி கொளுத்தினார்கள். இனி அந்த மாதிரி நடக்காது என்று மனதார நம்பினார்கள்.

நம்பியவர்களுக்கு, நல்லாட்சி என்று சொல்லி வந்த சிறிசேனவின் அரசு என்ன செய்தது? அளுத்கமவுக்காகக் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்ட பெரிய பெயர் ஒன்றைச் சொல்ல யாராலும் முடியாது. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில் மறுபடியும் இனம்தான் பிரசாரம். நாடு பிரியப்போகிறது, ஈழம் வரப்போகிறது என்று ராஜபக்ஷக்களின் மொட்டுக் கட்சி சொன்னது. பெரும்பாலான சபைகளையும் வென்றது. அந்த மாதக் கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டுக் கடைகளையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரசாங்கப் பகுப்பாய்வாளர் பிறகு பரிசோதித்துச் சொன்னது, அது வெறும் மாவுக் கட்டி. மாவு மாவாக ஆவதற்குள் தெருவில் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது.

அதற்கு முன்பே, பெப்ரவரி 22 அன்று, தெல்தெனியவில் ஒரு சிங்கள லொறிச் சாரதியை முஸ்லிம் இளைஞர் சிலர் வீதித் தகராறில் தாக்கினார்கள். மார்ச் 3 அளவில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஒரு மனிதனின் சாவு. குற்றம் செய்தவர்கள் பொலிஸ் கையில் இருந்தார்கள். ஆனாலும் மார்ச் 5 அன்று திகன எரிந்தது. எரிந்த ஒரு வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் உயிரை விட்டார். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் நாசம். 6 ஆம் திகதி அவசரகாலச் சட்டம். 7 ஆம் திகதி முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். தன் தளம் இந்த வெறுப்பைப் பரப்ப உதவியது என்று முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

திகன எரிந்த நாளில் சட்டம் ஒழுங்கு அமைச்சர் யார்? பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவேதான். பெப்ரவரி 25 இலிருந்து மார்ச் 8 வரை அந்த அமைச்சு அவர் கையில். இனவாதிகளை விரட்ட வந்தோம் என்று வாக்குக் கேட்டவர்களின் கையில் பொலிஸ் இருந்தபோதுதான், வாக்குப் போட்ட மக்களின் கூரை எரிந்தது. எரிந்து தணல் ஆறுவதற்குள் குற்றச்சாட்டு தொடங்கிவிட்டது. அரசுப் பக்கம் மொட்டுக் கட்சியைக் கைகாட்டியது. திகனவுக்கு வந்துபோன மஹிந்த ராஜபக்ஷ அரசையே குற்றம் சாட்டினார். சிங்களக் கடும்போக்கு அமைப்பான மஹசொஹொன் பலகாயவின் அமித் வீரசிங்க 8 ஆம் திகதி கைதானார், அந்த வருடமே பிணையில் வெளியே வந்தார். இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தை இனவாதி என்றது. எந்தப் பக்கமும் தன் ஆளைப் பிடித்துக் கொடுக்கவில்லை.

ஞானசார தேரர் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையில் இருந்தவர். 2019 மே மாதத்தில், ஈஸ்டர் குண்டுகள் வெடித்து ஒரு மாதம் கழிந்த கையோடு, அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தவர் மைத்திரிபால சிறிசேன. அந்தத் தேரரை வளர்த்ததாகச் சொல்லப்பட்ட ஆட்சிக்கு எதிராக வாக்குக் கேட்டு ஜனாதிபதியானவர். 2021 ஒக்டோபரில் அதே தேரரை ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்குத் தலைவராக்கியவர் கோட்டாபய ராஜபக்ஷ. மன்னிப்பு ஒரு முகாமிலிருந்து, பதவி மறு முகாமிலிருந்து. இஸ்லாத்தை நிந்தித்த 2016 ஆம் ஆண்டுப் பேச்சுக்கு அவருக்குத் தண்டனை கிடைத்தது 2024 இல்.

நடுவில் கண்டி இன்னொன்றையும் பார்த்தது. 2019 மே 31 அன்று அத்துரலியே ரதன தேரர் தலதா மாளிகை முன்னால் உண்ணாவிரதம் இருந்தார். அமைச்சர் ரிஷாட் பதியுதீன், ஆளுநர்கள் ஹிஸ்புல்லாஹ், அசாத் சாலி மூவரையும் நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஜூன் 3 அன்று ஆளுநர்கள் இருவரும் விலகினார்கள், அரசிலிருந்த முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் பதவி துறந்தார்கள். குற்றம் நிரூபிக்க நீதிமன்றம் தேவைப்படவில்லை, நாலு நாள் போதுமாயிருந்தது. 1815 உடன்படிக்கையில் மலபார் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து தண்டனை வாங்கியது எனக்கு அந்த நாளில் நினைவுக்கு வந்தது. மகுல் மடுவ, மாளிகையிலிருந்து நடக்கும் தூரம்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், இன மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடை செய்கிறது, பத்து வருடம் வரை சிறை. அதை வைத்து 2019 ஏப்ரலில் பிடித்தது ஒரு சிறுகதை எழுதிய சக்திக சத்குமாரவை. 2020 ஏப்ரலில் பிடித்தது கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச ஊழியர் ரம்ஸி ராஸிக்கை. இனவாதத்துக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போர் செய்ய வேண்டும் என்று அவர் முகநூலில் எழுதினார். போரைக் குறிக்க அவர் எழுதிய அரபுச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் அவர் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்து நட்டஈடு கொடுக்கச் சொன்னது. இனவாதம் வேண்டாம் என்று கண்டியிலிருந்து எழுதிய மனிதர் இனவாதத்தைத் தூண்டியதாகச் சிறையில் கிடந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிடக் கூடாது. 2016 லண்டன் மேயர் தேர்தலில் சாதிக் கானை எதிர்த்த சாக் கோல்ட்ஸ்மித்தின் பிரசாரம் தமிழ் வீடுகளுக்குத் தனியாகக் கடிதம் அனுப்பியது. சாதிக் கான் ஈழத்தமிழருக்காகப் பேசவில்லை, அவர் கட்சி வந்தால் உங்கள் குடும்பச் சொத்துக்கு வரி வரும் என்ற தொனியில். நம் ஆட்களின் நகைப்பெட்டியைக் காட்டி ஒரு முஸ்லிம் வேட்பாளரைப் பயமுறுத்தும் பொருளாக்கினார்கள். தொழிற்கட்சி அதை இனவாதம் என்றது, கோல்ட்ஸ்மித்தின் தரப்பு மறுத்தது. சாதிக் கான் 13 இலட்சத்துக்கு மேல் வாக்கெடுத்து வென்றார். தேர்தலில் இப்படித் தள்ளுமுள்ளு இருக்கும்தான் என்று ஒரு மூத்த அமைச்சர் சொல்லிவிட்டுப் போனார்.

நம் நாட்டின் 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வேட்பாளர் அநுர குமார திசாநாயக்க பேசும்போது, தெற்கு மாற்றத்துக்கு ஆயத்தமாகிவிட்டது, வடக்கும் அதில் பங்காளியாக வேண்டும், எதிராக நின்றால் தெற்கு என்ன நினைக்கும் என்ற பொருளில் ஏதோ சொன்னார். அது தமிழருக்கு மிரட்டல், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் ரணில் விக்கிரமசிங்க. அதை மறுத்தவர் தமிழரசுக் கட்சியின் எம்.ஏ. சுமந்திரன். அவருடைய கட்சி ஆதரித்தது இந்த இருவரையும் அல்ல, சஜித் பிரேமதாசவை. அவருக்கு இதில் இலாபம் இல்லை. இலாபம் இல்லாதவர் சொன்னதால் அந்த மறுப்புக்கு எடை இருந்தது.

எனக்கு அதில் வேறொரு வருத்தம். அநுரவின் கட்சியான ஜே.வி.பி.யிடம் தமிழர் கேட்க வேண்டிய கேள்விகள் மலைபோல் இருந்தன. மலையக மக்களை இந்திய விஸ்தரிப்பின் கருவி என்று அந்தக் கட்சியின் ஆரம்பகால வகுப்புகளில் ரோஹண விஜேவீர கற்பித்தது பற்றி. 2005 இல் சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசை விட்டு வெளியேறியது பற்றி. 2006 இல் வழக்குப் போட்டு வடக்கையும் கிழக்கையும் பிரித்தது பற்றி. வரலாற்றோடு, திகதியோடு, ஆவணத்தோடு கேட்டுப் பதில் வாங்க வேண்டியவை. அவற்றை விட்டுவிட்டு ஒரு வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கத்தினார்கள். மலிவான குற்றச்சாட்டு கனமான குற்றச்சாட்டை மூடிவிட்டது. அதில் நிம்மதி அடைந்திருக்கக்கூடியவர் குற்றம் சாட்டப்பட்டவரே.

மறுபடி ஹுன்னஸ்கிரியவுக்கு வருகிறேன். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் முழுக்க ஊரடங்கு. டவுனில் கடைகள் மூடிக் கிடந்தன. சித்தி அப்போது கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார். சம்பளம் கைக்கு வந்திருந்தது. அரிசி, மா, பருப்பு, டின் மீன் எல்லாம் அவர் மாதக் கடனுக்கு எடுப்பது டவுனில் ஒரு முஸ்லிம் கடையில். கடை திறந்த அன்றைக்கு முதல் வேலையாகப் போய்க் காசைக் கொடுத்தார். “அவசரம் என்னக்கா, இருக்கட்டுமே” என்றாராம் கடைக்காரர். “இல்ல நானா, ஓங்களுக்கு இப்ப தேவப்படும்” என்று சித்தி கொப்பியை எடுக்கச் சொல்லி, தன் பெயருக்கு நேராகக் கோடு போடும்வரை நின்றாராம்.

மறுவருடம் ஜனாதிபதித் தேர்தல். கடைக்கு நோட்டீஸ் கொடுக்க வந்த இளைஞர்கள், திகனவை எரித்தது இனவாதிகள், அவர்கள் வந்தால் மறுபடி எரிப்பார்கள், எங்களுக்குப் போடுங்கள் என்றார்கள். அன்றைக்குச் சித்தியும் கடையில் நின்றார். நானா நோட்டீஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாரு தம்பி எரிச்சது?” என்று கேட்டார்.

“இனவாதிங்கதான் நானா.”

“அதான், யாரு?”

இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கடைக்குப் போனார்கள். நானா நோட்டீஸை மேசையில் வைத்துவிட்டு, சித்தி எடுத்த சாமானைக் கொப்பியில் எழுதினார். முதலில் பெயர், பிறகு திகதி, பிறகு தொகை.